அண்ணாந்து குடித்த சபை

தாண்டிக்குடிக்குக் கிழக்கே இருந்த அந்தக் காப்பித் தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருக்க வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள். மேட்டில் மேலலயம், ஓடைக்கரையில் கீழலயம். என்ன சாதி, ஏது சாதி என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. ஓடையில் யார் முதலில் முங்கிக் குளிக்கிறார்கள், அந்தத் தண்ணீரை யார் கீழே மொண்டு குடிக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. வாரத்தில் ஆறு நாள் அதில் காப்பி மூட்டை அடுக்குவார்கள். ஏழாம் நாள் மூட்டைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால் அதுவே கோயில். மேலலயத்தார் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள். கீழலயத்தில் பத்து வீடு புதுசாக வேதத்தில் சேர்ந்திருந்தது. எல்லோருக்கும் பாட்டு ஒன்று, பிரசங்கம் ஒன்று, உட்காரும் பாய் மட்டும் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொடைக்கானலிலிருந்து போதகர் வந்து திருவிருந்து கொடுப்பார். மேலலயத்துக்கு வெள்ளிக் கோப்பை. அவர்கள் குடித்து எழுந்த பிறகு கீழலயத்துக்குப் பித்தளைத் தம்ளர்.

அன்னக்கொடிக்கு இந்தத் தம்ளர் விவரம் முதலில் தெரியாது. தெரிந்திருந்தால் ஞானஸ்நானமே எடுத்திருக்க மாட்டாள்.

அவள் கீழலயத்தில் மூட்டை தூக்குகிறவள். முப்பத்திரண்டு வயது. போன வருசம் ஆடி மாதக் காற்றில் அவள் புருசன் வேலப்பன் மேல் மரம் சாய்ந்தது. பிணத்தைத் தூக்க மேலலயத்திலிருந்து ஒரு தோள் வரவில்லை. தற்செயலாக அன்றைக்குத் தோட்டத்துக்கு வந்திருந்த போதகர் சுவாமிதாஸ்தான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பாடைக்கு நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தார். திரும்பி வந்து அவள் வீட்டுக் குவளையில் வறக்காப்பி குடித்தார்.

"ஒங்க கோயில்ல எல்லாரும் ஒண்ணாங்கய்யா?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"அப்பம் ஒண்ணு, கோப்பை ஒண்ணும்மா. அதுல தின்னவங்க, குடிச்சவங்க அத்தனை பேரும் ஒரே உடம்பு. கிறிஸ்து அதுக்குத் தலை."

உடம்பைப் பற்றி அன்னக்கொடிக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. நூறு ராத்தல் மூட்டை முதுகில் ஏறும்போது கால் கட்டைவிரல்கூடச் சேர்ந்து தாங்கும். முதுகு சாய்ந்தால் கை போய்ச் சுவரைப் பிடிக்கும். எதையும் எதற்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரி நாலு பேர் தனக்கு இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் அவள் வேதத்தில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் பித்தளைத் தம்ளரைப் பார்த்தாள். நேரே போதகரிடம் போய், "கோப்பை ஒண்ணுன்னீங்களே?" என்று கேட்டாள். அவர் முகம் செத்துப்போயிற்று. "அடுத்த தடவை," என்றார்.

அந்த அடுத்த தடவைதான் இது. அன்னக்கொடி முதன்முதலாகத் திருவிருந்து வாங்கும் நாள். தன் வாய் பட்ட கோப்பையை அவர்கள் கழுவினால், இனி அந்தக் கொட்டகைக்கு மூட்டை இறக்க மட்டும்தான் போவது என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

"ஏத்தா, கோப்பை கைக்கு வந்தா வாய வைக்காத. அண்ணாந்து ஊத்திக்க," என்று பக்கத்து வீட்டு இருளாயி முந்தின நாளே சொல்லியிருந்தாள். "அப்பறம் அவுக நொட்டை சொல்ல வழியிருக்காது."

"ஒரே ஒடம்புன்னா எதுக்குடி அண்ணாந்து குடிக்கணும்? என் வெரல என் வாயில வச்சா எச்சின்னு சொல்லுவனா?"

"மொதல்ல ஒடம்பு சேரட்டும். அப்பறம் சட்டம் பேசு."

அன்றைக்குக் காலையில் போதகர் பண்ணைக்காட்டிலிருந்து மழையில் நடந்தே வந்து சேர்ந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டியவர். மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் இல்லை, ஜீப்பும் இல்லை. நடந்து வந்ததில் மூக்கடைப்பு. பேசினால் பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்ததும் பித்தளைத் தம்ளரை எடுத்துத் தன் பைக்குள் போட்டு வாரை இறுக்கினார்.

"இன்னையிலேருந்து கோப்பை ஒண்ணுதான். புதுசா வாங்குறவங்க முதல்ல வரட்டும். நான் கடைசியில மிச்சத்தை எடுத்துக்கறேன்."

மேலலயத்துப் பாயில் ஒரு அசைவு. முன்வரிசையில் இருந்த மாசில்லாமணி தொண்டையைச் செருமினார். வார நாளில் அவர் மேஸ்திரி, கையில் பிரம்பு. ஞாயிற்றுக்கிழமை சபை மூப்பர், கையில் பாட்டுப் புத்தகம். முறைப்பு மட்டும் ஏழு நாளும் ஒன்றுதான்.

முதலில் அப்பம். அதை உள்ளங்கையில் வாங்கி அன்னக்கொடி விழுங்கிவிட்டாள், அதில் சிக்கல் இல்லை. பிறகு போதகர் கோப்பையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். நிறைந்து தளும்பிய கோப்பை. முதுகுக்குப் பின்னால் நாற்பது ஜோடிக் கண்கள் இருப்பது தெரிந்தது. நேற்று இருளாயியிடம் பேசிய வீராப்பெல்லாம் எங்கே போயிற்றோ, அன்னக்கொடி தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கோப்பையை ஒரு சாண் உயரத் தூக்கி ஊற்றினாள்.

தம்ளரில் அண்ணாந்து குடிக்க அவளுக்குத் தெரியும். இது வாய் அகன்ற கோப்பை. முக்கால் கோப்பை ஒரே வீச்சாகத் தொண்டைக்குள் இறங்கியது. கொஞ்சம் மூக்கில் ஏறியது. நெஞ்சுக்குழியில் யாரோ கங்கு வைத்து ஊதினார்கள்.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. வேலப்பன் உயிரோடு இருந்தபோது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் போட்ட ஊறலுக்கு எத்தனை அச்சு வெல்லம் தட்டிக் கொடுத்திருப்பாள்! இது திராட்சை ரசம் இல்லை. இது சரக்கு.

"ஐயா, இது..." என்று தொடங்கினாள். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கோப்பை விளிம்பில் இரண்டு சொட்டு தொங்கிக்கொண்டு, விழவா வேண்டாமா என்று நின்றது. ஒரு சொட்டுகூடத் தரையில் விழக் கூடாது என்று போதகர் ஆறு மாதமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். விழாமல் பிடிக்க வேறு வழி தெரியாமல் அவள் விளிம்பில் வாயை வைத்து, கன்றுக்குட்டி மாதிரிச் சுற்றிலும் நக்கிவிட்டாள்.

மேலலயத்துப் பாயில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'செத்தேன்' என்று நினைத்தாள் அன்னக்கொடி. இப்போது வாயைத் திறந்தால் என்ன ஆகும்? ஆராதனை நின்றுபோகும். இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். 'அவ வாய வச்சா, ரசம் சாராயமாப் போச்சு' என்பார்கள். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு தன் பாயில் போய் உட்கார்ந்தாள். பாய் லேசாக மிதந்தது.

போதகர் கோப்பையை நிரப்பி மாசில்லாமணியைப் பார்த்தார்.

"ஐயா," என்றார் மூப்பர், எழுந்திருக்காமலே. "கோப்பைய ஒரு அலசு அலசிட்டா..."

"எதை அலசணும் மூப்பரே? உள்ள இருக்கறதையா, வெளிய இருக்கறதையா?"

மாசில்லாமணி வாசலைப் பார்த்தார். எழுந்து வெளியே போகலாம். ஆனால் மூப்பரே போனால் நாளைக்கு மூப்பர் யார்? மாசில்லாமணி கல்லைச் சுமப்பவர் மாதிரி நடந்து வந்தார். கோப்பையை வாங்கினார். அன்னக்கொடியின் உதடு பட்ட இடத்தைத் தேடினார். அவள்தான் சுற்றிலும் நக்கியிருந்தாளே! வேறு வழியில்லை. அவரும் அண்ணாந்தார். வாயில் பட்டுவிடக் கூடாதே என்று முழங்கை நீளத்துக்குத் தூக்கிச் சாய்த்தார்.

மடக், மடக், மடக்.

கண்கள் இரண்டும் காப்பிப் பழமாகப் பிதுங்கின. அப்படியே நின்றார். பிறகு, பத்து வருசத்தில் அன்னக்கொடி அந்த முகத்தில் பார்த்திராத ஒன்று வந்தது. சிரித்தார். நீளமாக ஒரு ஏப்பம் விட்டார். திரும்பி நடந்து, வழி தப்பி, கீழலயத்துப் பாயில் மூட்டை தூக்கும் மணியனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

மூப்பரே குடித்துவிட்டார், பிறகென்ன? மேலலயம் வரிசையில் வந்தது. எல்லோரும் மூப்பர் காட்டிய வழியில் அண்ணாந்தார்கள். சாதியைக் காப்பாற்ற எவ்வளவு உயரம் தூக்கினார்களோ அவ்வளவு பெரிய மடக்கு உள்ளே போயிற்று. கீழலயத்தார், பாவம், சொல்லிக்கொடுத்தபடி உதட்டை நனைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். காலையிலிருந்து ஒருவரும் பச்சைத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. திருவிருந்துக்கு வெறும் வயிறு. மூப்பர் வீட்டிலிருந்து வந்த ரசக் கலயத்திலிருந்து போதகர் ஊற்றிக்கொண்டே இருந்தார். மூக்கு திறந்திருந்தால் முதல் கோப்பையிலேயே நிறுத்தியிருப்பார்.

அப்புறம் பாட்டு. ஒரே பாட்டை மூன்று ராகத்தில் பாடினார்கள். ஒரு ராகத்துக்குக் கைதட்டல், ஒன்றுக்கு மூட்டைமேல் தாளம், இன்னொன்றுக்கு என்னவென்றே தெரியாத ஒரு ஆட்டம். மேலலயத்து வாத்தியார் ஒருவர் தகரச் சுவரோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆனார். பாய் எது, தரை எது, மேல் எது, கீழ் எது என்ற கணக்கெல்லாம் போயிற்று. மாசில்லாமணி மணியனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"லேய் மணியா! போன மாசம் ஒன்னப் பிரம்பால அடிச்சேன்ல?"

"அதுக்கென்னங்க மேஸ்திரி."

"திருப்பி அடிலே!"

"வேணாங்க."

"அடிலேங்கறேன்! நீயும் நானும் ஒரே ஒடம்புலே!"

மணியன் அவரை ரொம்ப நேரம் கெஞ்சவிடவில்லை. பளீரென்று ஒன்று வைத்தான். மூப்பர் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஸ்தோத்திரம்," என்றார். கொட்டகையே அதிர்ந்து சிரித்தது.

அன்னக்கொடியும் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். யாரோ அவள் தோளில் தொப்பென்று சாய்ந்தார்கள். மாசில்லாமணியின் மனைவி ரெபேக்காள். காதுத் தோட்டின் சில்லிப்பு அன்னக்கொடியின் கழுத்தில் பட்டது.

"அன்னக்கொடி, ஏ அன்னக்கொடி. ஒம் புருசன் செத்தப்ப நான் வரல. ஜன்னல்ல நின்னு பாத்தேன். வரணும்னுதான் இருந்துச்சு. இவுக மொறச்சாக. நாலு பேரு தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போனீக... நான் ஜன்னலச் சாத்திட்டேன் தாயி."

அன்னக்கொடிக்குச் சிரிப்பு நின்றது. ஒரு வருசமாக அவள் கேட்கக் காத்திருந்த பேச்சு இதுதான். ஆனால் பேசுவது ரெபேக்காளா, உள்ளே போன சரக்கா? வேலப்பனும் அப்படித்தான். ராத்திரி காலைப் பிடித்து அழுவான், காசுமாலை வாங்கித் தருவேன் என்பான். விடிந்தால் சோறு ஆறிப்போச்சு என்று உதைப்பான். மப்பில் பேசும் பேச்சுக்கு மறுநாள் என்ன ஆகும் என்று அவளைப் போல அறிந்தவர்கள் அங்கே யாருமில்லை.

"தெளியட்டும்மா," என்றாள், ரெபேக்காளின் முதுகைத் தட்டிக்கொண்டே. "தெளிஞ்ச பெறகும் சொல்லுங்க."

அதற்குள் போதகர் மேசைக்கு முன்னால் நின்று, மிச்சம் வைக்கக் கூடாது என்ற முறைப்படி, கலயத்தில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை கோப்பையில் வடித்து ஒரே மூச்சில் குடித்தார். ரொம்ப நேரம் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"ரெபேக்காளம்மா, இது எத்தனை நாள் ரசம்?"

"மூணு வாரங்கய்யா," என்றாள் ரெபேக்காள், பெருமையாக. "நீங்க வர்றீகன்னு உலந்த திராட்சய ஊறப் போட்டேன். மண்ணு சரிஞ்சு போச்சு, நீங்க வரல. வீணாக்கலாமா? கெடக் கூடாதுன்னு அடுப்போரம் கதகதப்பா வச்சு, வாரத்துக்கு ஒரு அச்சு வெல்லமும் ரெண்டு மலவாழப் பழமும் பெசஞ்சு போட்டேன். பாருங்க, பொங்கிப் பொங்கி நொர தள்ளுச்சு! கர்த்தரோட கிருபன்னு நெனச்சேன்."

மூன்று தலைமுறையாகச் சாராய வாடையே படாத வீடு அது. ஊறல் என்றால் என்ன என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"அம்மா," என்றாள் இருளாயி, "எங்க ஆளுக சவுக்குத் தோப்புல ஒளிஞ்சு செய்யுறத நீங்க கோயிலுக்கே கொண்டாந்துட்டீக. சர்க்காரு சட்டத்துக்கு இப்ப மொத்தச் சபையும் கம்பி எண்ணணும்."

போதகர் ஒரு காப்பி மூட்டைமேல் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று எல்லோரும் பயந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தபடியே மூட்டையில் சாய்ந்து தூங்கிப்போனார். சபையும் அவரவர் விழுந்த இடத்தில் தூங்கியது.

மூன்று மணி வாக்கில் மழை விட்டு, தகரத்தில் வெயில் விழுந்தது. முதலில் விழித்தது மாசில்லாமணி. தலை மணியனின் மடியில் இருந்தது. தேள் கொட்டியவர் மாதிரித் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் மண்டை இரண்டாகப் பிளப்பது போல வலிக்க, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, இது செல்லாது."

போதகர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "எது செல்லாது?"

"இன்னைக்கு நடந்தது எதுவுமே. யாருக்கும் புத்தி நெலையில இல்ல. ஒரே கோப்பைன்னு நடந்ததும் செல்லாது. அடுத்த தடவை பழையபடி ரெண்டா வச்சுக்குவோம்."

மேலலயத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து, வேட்டியை உதறி, அவருக்குப் பின்னால் போய் நின்றார்கள். கொட்டகை நடுவில் மறுபடியும் ஒரு சந்து விழுந்தது.

'இந்தா, விடிஞ்சுபோச்சு' என்று நினைத்தாள் அன்னக்கொடி. ஆனால் மப்பு அவளுக்கு முழுசாக இறங்கவில்லை, வாய் கட்டுக்குள் இல்லை.

"செல்லாதுன்னா வயித்துல இருக்கறதக் கக்கிட்டுப் போங்க மேஸ்திரி. நான் நக்குன கோப்பையில நீங்க குடிச்சது உள்ள போயி ரத்தமாவே ஆயிருக்கும். எத எங்க பிரிப்பீக?"

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். போதகர் மெல்ல எழுந்து நின்றார்.

"மூப்பரே, நீங்க முப்பது வருசமாப் புத்தி தெளிவாத்தான் இருந்தீங்க. அந்தத் தெளிவுலதான் ரெண்டு கோப்பை வச்சீங்க. எனக்கும் ஒரு வருசமாப் புத்தி தெளிவா இருந்துச்சு, பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

மாசில்லாமணி தலையைப் பிடித்த கையை எடுக்கவில்லை. நகரவுமில்லை.

அன்னக்கொடிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று பானையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போனாள். கண்ணாடி மாதிரித் தண்ணீர். நிரப்பி, இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். அத்தனை கண்களும் பானைமேல். சரக்கு இறங்கும்போது வரும் தாகம் என்னவென்று மேலலயத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போதகர் வெள்ளிக் கோப்பையை எடுத்து அவளிடம் நீட்டினார். "ஒட்டியிருக்கறது வீணாகக் கூடாது. தண்ணி ஊத்தி நீயே குடிச்சிரும்மா."

இந்தத் தடவை அவள் அண்ணாக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, விளிம்பில் வாய் வைத்து, யாருக்கும் பயப்படாமல், கடைசி வரை குடித்தாள்.

நிமிர்ந்தபோது எதிரே ரெபேக்காள் நின்றாள். முகம் வெளுத்து, முடி கலைந்து, கண்ணில் மப்பு துளியும் இல்லாமல். புருசன் பக்கம் திரும்பவே இல்லை. கோப்பையை வாங்கினாள்.

"ஊத்து."

அன்னக்கொடி ஊற்றினாள். அதே விளிம்பில் வாய் வைத்து ரெபேக்காள் குடித்தாள்.

"தெளிஞ்சிருச்சு," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. "ஜன்னல்ல நின்னு பாத்தேன்னு சொன்னேன்ல, அது நெசந்தான். இன்னுங் கொஞ்சம் ஊத்து."

அன்னக்கொடியின் நெஞ்சுக்குழியில் மறுபடியும் கங்கு பற்றியது. இந்தத் தடவை வயிற்றில் இருந்தது வெறும் தண்ணீர். அவள் ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். கோப்பை வழிந்து இரண்டு பேர் சேலையும் நனைந்தது. ரெபேக்காளுக்குப் பின்னால் ஒரு கை நீண்டது. அதற்குப் பின்னால் இன்னொரு கை. மேலலயமா கீழலயமா என்று பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. "தள்ளுய்யா," "எனக்கு மொதல்ல," "ஏலே, நீ ரெண்டு வாட்டி குடிச்சிட்ட!" என்று கோப்பை கை மாறிக்கொண்டே இருந்தது.

வாசலோரம் மாசில்லாமணி ஒற்றை ஆளாக நின்றார். எச்சில் விழுங்கப் பார்த்தார். விழுங்க எச்சில் இல்லை.

அன்னக்கொடி பானையோடு அவரிடம் போனாள்.

"குத்த வச்சுக் கைய ஏந்துங்க மேஸ்திரி. ஊத்துறேன்."

கை மாறிக்கொண்டிருந்த கோப்பை இருளாயியிடம் நின்றுபோனது. அவர் வீட்டு வாசலில் கீழலயத்தார் தண்ணீர் கேட்டால் அப்படித்தான் குடிப்பார்கள். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயருகே ஏந்த வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். விரலிடுக்கில் ஒழுகியது போக மிச்சம்தான் குடிக்க. அன்னக்கொடியே அந்த வாசலில் எத்தனையோ தடவை குந்தியிருக்கிறாள்.

மாசில்லாமணி தன் கைகளைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"கையில எதுக்குடி ஊத்துற? நான் என்ன..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மிச்சத்தைச் சொன்னால் எங்கே போய் முடியும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. "கோப்பையக் குடு."

"கோப்பை இருளாயிகிட்ட இருக்குங்க. குடிச்சிட்டுத் தருவா."

"வெரசா குடிக்கச் சொல்லு!"

இருளாயி வெரசாகக் குடிக்கவில்லை. விளிம்பில் உதட்டைப் பதித்து, சர்ர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, நடுவில் நிறுத்தி வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசி, மறுபடி உறிஞ்சினாள். மூப்பர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். கடைசியில் கோப்பை அவர் கைக்கு வந்தது. அன்னக்கொடி நிறைத்தாள். வழக்கம் போல அண்ணாக்கத் தலையைப் பின்னால் சாய்த்தார். பிடரியிலிருந்து நெற்றி வரை கோடரி பாய்ந்தது போல ஒரு வலி. "ஐயோ!" என்று தலையை நிமிர்த்தினார். இன்னொரு தடவை பார்த்தார். முடியவில்லை.

பேசாமல் வாய் வைத்துக் குடித்தார்.

சிரிக்கக் கூடாது என்று அன்னக்கொடி எவ்வளவோ அடக்கினாள். முடியவில்லை. இடுப்பிலிருந்த பானை குலுங்கி, அவர் பாதத்திலும் தன் பாதத்திலும் தண்ணீரைக் கொட்டியது.

"சிரிச்சது போதும் புள்ள," என்றார் மாசில்லாமணி, கோப்பையை நீட்டி. "இன்னொண்ணு ஊத்து."